செயலாளரின் ஆண்டறிக்கை: கிரஹாம் கவுண்டியைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கான்சாஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாசிப்பு வட்டமாகிய நாம், சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, குடியிருக்கும் மாநிலத்தின் பழைய கதையைப் படிப்பதில் இந்த ஆண்டைக் கழித்தோம். எடுத்துக்கொண்டது வடமேற்கில் உள்ள கிரஹாம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு). பனிப்புயலால் ஒரு கூட்டம் தள்ளிப்போனதைத் தவிர மாதக் கூட்டங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொங்கல் விழாவைப் பற்றி விழாக்குழு பேசும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே படித்ததைப் பற்றியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கவுண்டிக்கு 1867-லேயே வரைபடத்தில் எல்லை போட்டுவிட்டார்கள். உள்நாட்டுப் போரில் சிக்கமாகா களத்தில் மடிந்த கேப்டன் ஜான் எல். கிரஹாமின் பெயரையும் வைத்துவிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்க அரசு செய்துகொண்ட மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கை ஷையான், அரப்பஹோ பழங்குடி மக்களைத் தெற்கே ஒதுக்கிடங்களுக்குத் தள்ளியது. காலியாகக் கிடக்கும் நிலம் என்று பின்னாளில் துண்டறிக்கைகளில் அச்சானது இப்படிக் காலி செய்யப்பட்ட நிலம்தான். இதை ஒட்டி முதல் கூட்டத்திலேயே எழுந்த காரசாரமான விவாதம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் தந்தது. அடிமைத்தளையில் இருந்து விடுபட்டவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் அமைத்த ஊர் நிக்கோடமஸ். சாலமன் ஆற்றின் தென்கிளையை ஒட்டி 1877-இல் தொடங்கிய கறுப்பினக் குடியேற்றம் அது. முன்னோடிகளின் துணிச்சல், தனிமனித உழைப்பு என்றுதான் இத்தகைய கதைகளை வழக்கமாகச் சொல்வார்கள். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது வேறு. இந்த ஊர் ஒரு சங்கமாகத்தான் பிறந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், சந்தா, தீர்மானம் எல்லாம் முதலில், வீடு அப்புறம். கறுப்பினத்தவர் ஆறு பேரும் வெள்ளையர் ஒருவரும் சேர்ந்து நகரக் கழகம் ஒன்றை நிறுவினார்கள். டபிள்யூ. எச். ஸ்மித் தலைவர், எஸ். பி. ரவுண்ட்ரீ செயலாளர், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நில வணிகர் பொருளாளர். அன்றும் பழி முழுவதும் பொருளாளர் தலையில்தான் விழுந்தது. நமது பொருளாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் ஒட்டப்பட்ட துண்டறிக்கை ஒன்றை உறுப்பினர்கள் வரிவரியாகப் படித்தார்கள். 1877 செப்டம்பர் 5 அன்று கான்சாஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் 5 டாலரில் போகலாம் என்பது அதன் தலைப்பு. உள்ளே இருப்பது நம்முடையதைப் போன்ற தீர்மான வாசகம். குடியேற்றக் குழுவில் சேர உறுப்பினர் கட்டணம் 1 டாலர். செப்டம்பர் முதல் தேதிக்குள் 25 சென்ட் வீதம் தவணையாகவும் கட்டலாம். காலி நிலத்தில் நுழைய 5 டாலர். இருபத்தைந்து சென்ட் தவணை என்று எழுதியவருக்குத் தம் மக்களின் கையிருப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நமது வட்டத்தில் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

அந்தச் செப்டம்பரில் ஏறக்குறைய 300 பேர் வந்து சேர்ந்தார்கள். வந்து பார்த்தால் ஊரே இல்லை. மரம் என்றால் ஓடைக்கரையில் நாலு. ரயில் நிலையம் இருந்த எல்லிஸ் ஏறத்தாழ 35 மைல் தெற்கே. ஹில் மீது கொதித்தெழுந்தவர்கள் பலர். மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்களும் பலர். தங்கியவர்கள் மேட்டுச் சரிவைக் குடைந்து, மேலே கழியும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டியும் போட்டு, அதற்குள் குடியிருந்தார்கள். கலப்பைக்கும் விதைக்கும் வழியில்லை. முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடி மக்கள் இறைச்சியில் பங்கு தந்து காப்பாற்றினார்கள் என்று இந்தக் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. அவர்களும் தங்கள் நிலத்தைப் பறிகொடுத்து கான்சாஸை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள்தாம்.

1878 வசந்தத்தில் கென்டக்கியில் இருந்து கணவர் டேனியல் ஹிக்மன் பாதிரியாரோடும் குழந்தைகளோடும் வந்த வில்லியானா ஹிக்மன், முதிய வயதில் சொன்னது பதிவாகியிருக்கிறது. எல்லிஸில் தங்கியிருந்தபோது கூட்டத்தில் அம்மை பரவி, சில குழந்தைகள் அங்கேயே இறந்தன. பிறகு திசைகாட்டியை நம்பி வண்டிகளில் பயணம். ஆண்கள் "அதோ நிக்கோடமஸ்" என்று கூவினார்கள். எங்கே என்று கேட்டாள் அவள். கணவர் காட்டிய திசையில் தரைக்குள்ளிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. அழத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் அங்கேயே இருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆண்கள் கூலி வேலை தேடி எல்லிஸ் வரையிலும் அதற்கு அப்பாலும் நடந்து போனார்கள். வெளியூர்களில் நன்கொடை திரட்டவும் வேண்டியிருந்தது. ஆனால் 1879 வசந்தத்தில் அவர்களே கூடி, இனி உதவி கேட்பதில்லை என்று முடிவெடுத்து, பழைய அமைப்பையும் கலைத்தார்கள். வேலை முடிந்த அமைப்பைத் தாமாகக் கலைக்கத் தெரிந்த சங்கங்களை நான் அதிகம் கண்டதில்லை.

1880-இல் கிரஹாம் முறைப்படி கவுண்டியானது. அப்போது தற்காலிகக் கவுண்டி எழுத்தராக ஆளுநர் செயின்ட் ஜான் நியமித்தவர் நிக்கோடமஸைச் சேர்ந்த எட்வர்ட் மெக்கேப். அதே மெக்கேப் 1882-இல் கான்சாஸின் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழிவீடுகளில் தொடங்கிய ஊர், ஐந்தே ஆண்டில் மாநிலப் பதவிக்கு ஆள் அனுப்பியது.

அப்புறம் ரயில். 1887-இல் பாதை தங்கள் ஊர் வழியாக வர வேண்டும் என்று 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட வாக்களித்தார்கள். இரண்டு பத்திரிகைகள், ஓட்டல், கடைகள் என்று ஊர் நிமிர்ந்து நின்ற நேரம் அது. 1888-இல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டுக்கொண்டு போய்விட்டது. கடைக்காரர்கள் ஆற்றைத் தாண்டி, பாதையோரம் முளைத்த போக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே உழுதார்கள். அஞ்சல் நிலையம் 1953 வரை தாக்குப்பிடித்தது.

ஜூலைக் கடைசியில் அவ்வூரின் வாரிசுகள் நாடெங்கும் இருந்து திரும்பிவந்து கொண்டாடும் விழாவுக்கு நம் உறுப்பினர்கள் போய்வந்தார்கள். வாடகை வேன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அடுத்த முறை வேறு ஏற்பாடு தேவை. 1939-இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய டவுன்ஷிப் ஹால் இன்றும் உறுதியாக நிற்கிறது. தேவாலயங்கள், ஓட்டல், பள்ளிக்கூடம் உட்பட ஐந்து கட்டடங்கள் 1996 முதல் தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

வரும் ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு. மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கையை ஷையான் மக்களின் பக்கத்தில் நின்று படிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். கூட்டங்களுக்குத் தங்கள் வீட்டுக் கூடத்தைத் தந்த குடும்பங்களுக்கும், தேநீரும் சுண்டலும் குறையாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி தெரிவித்து, இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்