பூங்காவில் இனி களைக்கொல்லி தெளிக்க மாட்டோம்: ஏன், எப்படி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எங்கள் பராமரிப்பில் ஒப்படைத்திருக்கும் பூங்காக்களில் இந்தப் பருவத்திலிருந்து ரசாயனக் களைக்கொல்லி தெளிப்பதை முற்றிலும் நிறுத்திவிட்டோம். "களை முன்பைவிடக் கூடுதலாகத் தெரிகிறதே", "ஆட்கள் ஏன் இத்தனை முறை வந்துபோகிறார்கள்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறோம்.

கிளைபோசேட் 1974-இல் விற்பனைக்கு வந்த களைக்கொல்லி மருந்து. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் சேர்த்தது. பல நாடுகளின் பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்களுக்குத் தெரிந்தது பூங்கா. வயலில் களை மிஞ்சினால் விளைச்சல் போகும். பூங்காவில் நான்கு களை கூடுதலாக நின்றால் யாருக்கும் நட்டமில்லை. தவழ்கிற குழந்தையோ கைக்கு அகப்பட்ட புல்லைப் பிடுங்கி நேரே வாயில் வைக்கும். பிரான்ஸ் நாட்டில் 2017 ஜனவரி முதல் நாளிலிருந்தே பொதுப் பூங்காக்களில் ரசாயனப் பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் அரசு அமைப்புகள் பயன்படுத்தச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அவர்களால் முடிகிறது என்றால் நம்மாலும் முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. மருந்தடித்த இடம் பழுப்பாகிக் காய்ந்து, கடைசியில் வெறும் மண்ணாக நிற்கும். வெறும் மண்ணைக் கண்டால் களைக்குக் கொண்டாட்டம். மேல்மண்ணில் முளைக்கக் காத்திருக்கும் விதைகளுக்கு முடிவே கிடையாது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் 20 குப்பிகளில் விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். 2021-இல் தோண்டியெடுத்த குப்பியில் இருந்த விதைகளில் சில, 142 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்தன! மருந்து செடியைக் கொல்லும். உறங்குகிற விதையை என்ன செய்யும்? பல களை விதைகளுக்குச் சற்றே வெளிச்சம் பட்டால் போதும், விழித்துக்கொள்ளும். அதனால்தான் பாத்திகளைத் தேவையில்லாமல் கொத்திக் கிளறுவதையும் விட்டுவிட்டோம்.

மண்ணுக்குப் போர்வை போடுவதுதான் எங்கள் முதல் வேலை. வெட்டிய கிளைகளை அரைத்த மரச்சிம்புகளை 7 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புகிறோம். அடியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி விரிக்கிறோம். மரத்தடியில் மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுகிறோம். தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரம் கோத்து அழுகும். சரியாகப் போட்ட மூடாக்கைக் கையால் விலக்கிப் பாருங்கள்: வெயில் காலத்திலும் அடிமண் ஈரமாக இருக்கும், முளைத்து வெளிச்சம் எட்டாமல் வெளுத்துப்போன களைக்குருத்துகள் நூல்போல் கிடக்கும்.

கோரை மட்டும் இதற்கு அடங்காது. ஊசிபோன்ற அதன் முளை பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்துக்கொண்டு வரும். இழுத்துப் பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வந்துவிடும்; கீழே மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும் கிழங்குகள் அப்படியே தங்கி, சில நாளில் மறுபடி குருத்து விடும். அதற்கு முக்கிய வழி, கிழங்கைப் பட்டினி போடுவது. இலை விரிந்து கிழங்குக்கு உணவு சேர்க்கத் தொடங்குவதற்குள் மறுபடி மறுபடி வெட்டவேண்டும். மண் இளகியிருக்கும் இடத்தில் தோட்ட முள்கரண்டியால் கிளறிக் கிழங்கையே எடுத்துவிடுகிறோம். பாத்தியைக் கிளறாத வழக்கத்துக்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. ஆட்கள் அடிக்கடி வருவது இதற்காகத்தான். ஒரு முறை தவறினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். உங்களிடம் பொறுமையை வேண்டுவதும் கோரைப் பாத்திகளுக்காகவே.

பார்த்தீனியம் வேறு ரகம். நன்கு வளர்ந்த ஒரு செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளைக் கொட்டும். மழை பெய்த மறுநாள், பூக்கும் முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடவேண்டும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரக்கூடும் என்பதால் குழந்தைகளையோ பார்வையாளர்களையோ இந்த வேலையில் சேர்க்கவேண்டாம்.

நடைபாதைக் கல் இடுக்குகளில் கொதிநிலையை ஒட்டிய வெந்நீரை ஊற்றுகிறோம், அல்லது எரிவாயு டார்ச்சின் சுடரை ஒரு நொடி காட்டுகிறோம். செடியைக் கரிக்கவேண்டியதில்லை. சுடர் பட்ட இலையை விரலால் அழுத்தினால் கைரேகை கறுப்பாகப் பதியும். உள்ளே செல்கள் உடைந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பார்ப்பதற்கு இன்னும் பச்சையாக இருக்கும், சில மணி நேரத்தில் வாடிவிடும். இளஞ்செடிக்கு இது போதும். ஆழ வேர்விட்ட களையும் புல்வகைகளும் மறுபடி தளிர்க்கும், ஆகவே ஆண்டுக்குப் பல முறை செய்யவேண்டியிருக்கும். சருகு காய்ந்து கிடக்கும் நாள்களில் சுடரைத் தொடவே மாட்டோம்.

வினிகரையும் உப்பையும் பலர் பரிந்துரைக்கிறீர்கள். வீட்டு வினிகர் சின்ன முளைகளை மட்டுமே கருக்கும். வீரியம் கூடிய வினிகரோ கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். உப்பு மண்ணைப் பாழாக்கி, பக்கத்து மரத்தின் வேரையும் வாட்டும். இரண்டையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை, தயவுசெய்து நீங்களும் ஊற்றவேண்டாம்.

புல்தரையை ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள். 7 செ.மீ. உயரம் இருந்தால் புல்லின் நிழலிலேயே பல களை விதைகள் முளைக்காமல் போகும். வேலியோரத்தில் வெட்டுக்காயப் பூண்டு மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். காலை வெயில் ஏறும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள், எத்தனை பட்டாம்பூச்சிகள் வருகின்றன என்று தெரியும். அந்தப் பூண்டு பாத்திக்குள் நுழைந்தால் மட்டும் பிடுங்கிவிடுவோம்.

முதல் ஆண்டு பூங்கா முன்போல் துடைத்துவைத்த மாதிரி இருக்காது. கல் இடுக்குகளில் பச்சை தெரியும், கோரை தலைகாட்டும். எந்த இடத்தில் களை பூவெடுத்து நின்றாலும், எங்கே மூடாக்கு கலைந்து மண் தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். விதை விழுவதற்குள் வந்துவிடுவோம். மரம் கழித்த கிளைகள் உங்களிடம் இருந்தால் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். அடுத்த பருவத்துக்கு மூடாக்கு நிறையத் தேவைப்படுகிறது.

அன்புடன்,
உங்கள் பூங்காப் பராமரிப்புக் குழுவினர்