பெட்டியை மாற்றாதே தம்பி, இடத்தை மாற்று

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். போன வாரம் பேசும்போது, "சப்வூஃபர் சரியில்லப்பா, பெரிசா ஒன்னு வாங்கப் போறேன்" என்று சொன்னாய். அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன்.

பேஸ் என்கிற கீழ்ச்சுர முழக்கத்துக்கென்றே இருக்கிற உன் சப்வூஃபர் பெட்டியில் குறை இல்லை. அங்கே வந்திருந்த 4 நாளும் கேட்டேனே. ஒரு பாட்டில் ஹால் முழுக்கக் கும்மென்று இரைகிறது, அடுத்த பாட்டில் பேஸ் கிடார் இருக்கிற இடமே தெரியவில்லை. அது அறை பண்ணுகிற வேலை.

உனக்கு 8 வயதிருக்கும். ஒரு ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு வளவு முற்றத்தில் பாக்ஸ் வைத்துவிட்டு, அதில் ஒரு ஜோடியை நம் வீட்டுப் பின்னறையில் இறக்கிப் பாட்டுப் போட்டேன். வளவில் அவ்வளவு சுத்தமாகக் கேட்ட அதே பெட்டி இங்கே குழம்பியது. நீ மூலையில் போய் உட்கார்ந்து "நெஞ்சு அதிருதுப்பா" என்றாய். அறை நடுவில் வந்து நின்று "இங்க காணோம்" என்றாய். நான் அசந்துபோனேன். பல வருசம் மைக் செட் வைத்திருந்தவன் சொல்கிறேன், அன்றைக்கு நீ கண்டுபிடித்ததுதான் முழுப் பாடமும்.

வளவு மேலே திறந்து கிடக்கிறது. பேஸ் வானத்துக்குப் போய்விடும். மூடிய அறையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில இடத்தில் குவியும், சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் பின்னறை 10 அடிக்கு 10 அடி சதுரம். நீளமும் அகலமும் ஒரே அளவானதால் இரண்டும் 56 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 56 அதிர்வு) பக்கத்தில் சேர்ந்து முழங்கின. உன் ஹாலை அளந்துவிட்டுத்தான் வந்தேன்: 16 அடிக்கு 11 அடி. நீளவாக்கில் 35, அகலவாக்கில் 51 ஹெர்ட்ஸ் பக்கம் முழங்கும். 35 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே 32 அடி, உன் ஹாலைப் போல இரண்டு மடங்கு. கடைக்காரர் சொன்ன 2 இஞ்ச் ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. அந்தக் காசை வைத்துக்கொள்.

நீ சப்வூஃபரை மூலையில் வைத்திருக்கிறாய், சோபாவைப் பின்சுவரோடு ஒட்டியிருக்கிறாய். இரண்டுமே பேஸ் குவிகிற இடம். முதலில் சோபாவை முன்னே இழு. நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது சுவரிலிருந்து 6 அடிபோல வந்தால் நல்லது. சாப்பாட்டு மேசை இடிக்கும் என்று தெரியும், 3 அடியாவது வா. சரியாக நடுவில் மட்டும் உட்காராதே, அங்கே காணாமல் போகும்.

அப்புறம் சப்வூஃபரைத் தூக்கி, நீ உட்காருகிற இடத்திலேயே சோபா மேல் வை. பேஸ் சுரம் சுரமாக ஏறி இறங்கி நடந்துகொண்டே போகிற பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடு. சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போ. காது தரைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி. சப்வூஃபரை அங்கே வைத்து நீ சோபாவுக்குப் போனால் அதே சத்தம்தான் கேட்கும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் இரண்டுக்கும் இடையே அறை செய்கிற வேலை மாறாது. ரொம்ப முழங்குகிற இடத்தைப் பார்த்து மயங்கிவிடாதே, அது பாட்டு இல்லை.

எந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகணும் என்று பிரிக்கிற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வை. அதற்குக் கீழே எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் சப்வூஃபர் பக்கவாட்டில் போனாலும் கவலையில்லை. பின்னால் அலையைத் தலைகீழாக்குகிற ஃபேஸ் சுவிட்ச் இருக்கும், 0, 180 என்று. நீ உட்கார்ந்துகொள், மருமகளை மாற்றி மாற்றித் தட்டச் சொல். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விடு. கடைசியாகத்தான் வால்யூம். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அடியில் ரப்பர் மேட் போட்டாலும் ராத்திரியில் குறைத்துவை.

ஞாயிற்றுக்கிழமை செய்துபார். குறி எந்தச் சுவரில், மூலையிலிருந்து எத்தனை அடியில் விழுந்தது என்று அன்றைக்கு ராத்திரியே சொல். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா