விடியும்வரை எங்களோடு இருந்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கு,

திருகோணமலை உப்புவெளிக் கோயில் வளவில் கூத்துக்காகப் போட்ட களரியைப் பிரித்தாயிற்று. இரவல் வாங்கிய கதிரைகள், தறப்பாள்கள், கிடாரங்கள் எல்லாம் உரியவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கொடுக்க வேண்டியதில் மிச்சமிருப்பது நன்றிதான். அதை வீடு வீடாக வந்து சொல்லவே ஆசை. ஆனால் கை கொடுத்தவர்கள் நகரிலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் சம்பூரிலும் தம்பலகாமத்திலுமாகப் பரந்திருக்கிறார்கள். ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு. கிழக்கிலங்கைக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்து அரங்கேறும் இரவு ஒன்றுதான் ஊருக்குத் தெரியும். அதற்கு முந்திய மாதங்களில் மாலை தோறும் மத்தளம் முழங்கியதையும், சல்லரி ஓயாமல் ஒலித்ததையும், ஒரே வரவுப் பாட்டைப் புதியவர்கள் திரும்பத் திரும்பப் பிழையாகப் பாடியதையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். உங்கள் வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், நோயாளிகள் இருந்தார்கள், அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். ஒருநாள் ஒரு தாய் பயிற்சி நடக்கும் இடத்துக்கு வந்து ஓரமாக நின்றார். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பது எங்களுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று எண்ணி மத்தளக்காரர் கையை எடுத்துவிட்டார். அவரோ, “எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி. பிள்ளையை முன்னிரவில் படுக்கவைத்து விடியப்புறம் எழுப்பிவிடுகிறேன்” என்றார். அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் மத்தளம் தொடுவதில்லை என்று நாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அம்மா, அந்தப் பிள்ளை நல்ல பெறுபேறு எடுக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய வேண்டுதலும்.

அடுத்தது எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஐயா. மூதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரத்தில் இருமுறை பஸ்ஸில் வந்துபோனார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய தூரமாகத் தோன்றாது. தாம் இளைஞனாக இருந்த காலத்தில் நகரத்துக்குக் கூத்தாட வருவதென்றால் மத்தளத்தைத் தறப்பாளில் சுற்றிக்கொண்டு லோஞ்சில் ஏற வேண்டும், அல்லது கிண்ணியாத் துறையில் பாதை என்ற மிதவைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும் என்று அவர் மாணவர்களுக்குச் சொன்னார். மத்தளத் தோலில் உப்புக்காற்றுப் பட்டால் சுருதி இறங்கிவிடும் என்று, மழை இல்லாத நாளிலும் அதைச் சுற்றித்தான் கொண்டுபோவார்களாம்.

அவர் பழக்கிய முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பலரும் அரங்கேற்றத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். முதலில் சட்டம் கொடுத்தல். ஆட வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, குரலைக் கேட்டு, நடையைப் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அவரவர் பாட்டை எழுதிய தாளைக் கையில் கொடுப்பார். பிறகு தாளக்கட்டை வாயால் சொல்லிக் காலில் இறக்குவார். அது பிடிபட்ட பின்புதான் பாட்டு. சதங்கை அணியும் நாள் வந்தபோது பிள்ளைகளின் பெற்றோர் சிலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹற்றனிலிருந்தும் வந்திருந்தார்கள். ஐயா ஒவ்வொருவருக்கும் தாமே குனிந்து சதங்கை கட்டிவிட்டார். முழங்கால் வலியோடு அப்படிக் குனிந்தார் என்பது எங்களில் சிலருக்கு மட்டுமே தெரியும்.

கூத்தாடிய அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பற்றியும் எழுத வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இல் உருவானது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் பலருக்குத் திருகோணமலை என்றால் வாடகை அறை, விரிவுரை மண்டபம், பஸ் நிலையம். விடுமுறையில் நண்பர்கள் வந்தால் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் புறாத்தீவும். ஊருக்குள் ஒரு வீட்டுக்காவது உரிமையோடு போகாமலே படிப்பை முடித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். இது எனக்கு நெடுநாளாக இருந்த மனக்குறை. இம்முறை பயிற்சி முடிந்ததும் அவர்களைக் கூப்பிட்டுத் திண்ணையில் இருத்திப் பிட்டும் சம்பலும் கொடுத்த வீடுகளைக் கண்டேன். துச்சாதனனாக ஆடிய மாணவனை, நாலாவது ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி இப்போதும் “துச்சாதனா” என்றுதான் அழைக்கிறார். அவனும் அவருக்கு மருந்து வாங்கிவந்து கொடுக்கிறான். கூத்தினால் வேறொன்றும் விளையாதிருந்தாலும் இந்த உறவு போதும்.

இரவு பயிற்சி முடிந்தபின் நிலாவெளிப் பக்கம் பஸ் கிடையாது. சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சகோதரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, எரிபொருள் காசை மட்டும் வாங்கிப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். பெண் பிள்ளைகள் அறைக்குள் போய் விளக்குப் போடும்வரை வாசலில் காத்துநின்றிருக்கிறார்கள். ஹற்றனிலிருந்து வந்த ஒரு தகப்பன் அதைச் சொல்லி அழுதார். உங்களுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது, தம்பிமாரே!

இனிச் சம்பூரிலிருந்து வந்த அம்மா. நாங்கள் ஆடிய பாரதக் கதையின் நடுப்பகுதி எங்களிடம் இருந்த பிரதியில் இல்லை. அண்ணாவியாருக்குப் பாட்டு நினைவில் இருந்தது, ஆனால் தரு எனப்படும் கூத்துப் பாட்டுகள் சில அறுந்து அறுந்துதான் வந்தன. இதைக் கேள்விப்பட்டு அந்த அம்மா தம் தகப்பனாரின் கூத்துக் கொப்பியைக் கொண்டுவந்தார். 2006இல் போரினால் சம்பூர் மக்கள் ஊரை விட்டு எழும்பியபோது கையில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அவர் எடுத்த பையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு இந்தக் கொப்பியும் இருந்தது. முகாமில் தறப்பாளுக்குக் கீழே, பிறகு உறவினர் வீட்டில், பத்தாண்டுகளை ஒட்டிய அலைச்சலுக்குப் பின் காணி விடுபட்டுத் திரும்பிய கொட்டிலில் என்று அது அவரோடேயே இருந்திருக்கிறது. மட்டை போய்விட்டது. ஓரங்களைக் கறையான் தொட்டிருக்கிறது. ஊதா மையில் எழுதிய எழுத்துகள் சில பக்கங்களில் தண்ணீர் பட்டுப் பூத்திருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு தருவுக்கும் மேலே இராகமும் தாளமும் குறித்து, யார் பாட வேண்டும் என்பதற்குச் சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறார் அந்தப் பெரியவர். இல்லாதிருந்த பகுதி முழுமையாக அதில் இருந்தது. அண்ணாவியார் கொப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் திறந்தார். அம்மா, அரங்கேற்றத்தன்று நள்ளிரவுக்குப் பின் ஆடிய அந்தப் பகுதி முழுவதும் உங்கள் தகப்பனாருடையது. களரியின் முன்வரிசையில் அமர்ந்து அவருடைய பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்த எனக்கு ஆட்டத்தில் கண் போகவில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்த களிகம்புக் குழுவினருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கூத்துத் தொடங்குமுன் ஒரு மணித்தியாலம் அவர்கள் ஆடினார்கள். கம்புகள் மோதும் ஓசை வரவர விரைவெடுத்தபோது அண்ணாவியார் தம்மை அறியாமலே மத்தளத்தில் கையை வைத்துவிட்டார். அவர்கள் நிறுத்தவில்லை, இவரும் நிறுத்தவில்லை. எந்த ஒத்திகையும் இல்லாமல் களிகம்புக்கு மத்தளம் வாசித்ததைக் கண்டு சபை எழுந்து நின்றது. இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள் என்று எங்களைப் பிரித்துப் பேசுவோருக்குக் குறைவில்லை. அப்படிப் பேசுவோர் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து உடனே போய்விடாமல், கொண்டுவந்த சட்டித் தயிரை விடியும்வரை விழித்திருந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுத்தான் அந்தச் சகோதரர்கள் வண்டியேறினார்கள்.

சோற்றுக்கு அரிசி தம்பலகாமத்து வயல்காரர்கள் தந்தது. மரக்கறி நகரச் சந்தை வியாபாரிகள் தந்தது. இஞ்சித் தேநீரை இரவு முழுதும் ஊற்றிய கடைக்காரர் ஒரு சதமும் வாங்கவில்லை.

உடுப்புக்கு மட்டும் பெரும் பாடுபட்டோம். வடமோடியில் அரசர்கள் அணியும் கரப்புடுப்பை இந்தப் பக்கத்தில் கட்டத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். பிரம்பை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் துணி போர்த்தி, ஆடுகிறவர் இடுப்பில் பாரம் ஒரு பக்கம் சாயாமல் அமைக்க வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கும் ஓர் அக்கா, பழைய உடுப்பொன்றை முழுவதும் பிரித்துப் பார்த்துப் பழகிப் புதியவை தைத்துத் தந்தார். கண்ணாடித் துண்டுகளை அவருடைய மகள் ஒவ்வொன்றாக ஒட்டினாள். விளக்குக்கு மின்குமிழ் போதும் என்றுதான் நாங்கள் சொன்னோம். அண்ணாவியார், வாழைக்குற்றி நட்டு எண்ணெய் விளக்கும் வைக்க வேண்டும் என்றார். அதற்காகக் கொண்டுவந்து கடற்கரையோர வீடொன்றின் வாசலில் அடுக்கிய வாழைகளை நகரத்து மான்கள் ஒரே இரவில் தின்றுவிட்டன. செய்தி போய்ச் சேர்ந்த அன்று பின்னேரமே கன்னியாவிலிருந்து ஒரு லொறி நிறைய வாழை வந்து இறங்கியது. அனுப்பியவர் பெயர் சொல்லவில்லை. ஐயா, இந்த வரி உங்களுக்கு.

ஒரு கேள்விக்கும் இங்கே பதில் சொல்கிறேன். முழு இரவும் எதற்கு, இரண்டு மணித்தியாலமாகச் சுருக்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று அவர் மேடையேற்றியவை இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்தப் பணியைப் போற்றுகிறேன். ஆனால் நாங்கள் இருப்பது கூத்தின் ஊர்கள் பஸ் தூரத்தில் இருக்கும் நகரத்தில். இங்கே வட்டக்களரி போடலாம். நாலு பக்கமும் மக்கள் இருக்கலாம். கட்டியகாரன் வரவிலிருந்து வாழி பாடும்வரை ஒன்றும் வெட்டாமல் ஆடலாம். மாணவர்கள் ஒருமுறையாவது முழுமையாக ஆடிப் பார்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விடிந்த பிறகும் சனம் கலையாமல் இருந்ததைக் கண்டபின் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

பாடசாலை மண்டபத்தில் மாணவிகள் வைத்த சிறு கண்காட்சிக்கு உதவிய ஆசிரியர்களுக்கும் நூலகப் பணியாளர்களுக்கும் நன்றி. 1891இல் ஊசோன் பாலந்தை கதை என்ற நாவலை எழுதிய இன்னாசித்தம்பியும், 1895இல் மோகனாங்கி நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பதை அன்றுதான் அறிந்ததாகப் பல பிள்ளைகள் சொன்னார்கள். சரவணமுத்துப்பிள்ளையின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்ற சிறுவன் ஒருவன், அவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்டான். அவனுக்குப் பதில் தேடித்தர ஆசிரியர் ஒருவர் முன்வந்திருக்கிறார்.

அனுமதிகளை அலையவிடாமல் தந்த அலுவலர்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், மறுநாள் யாரும் சொல்லாமலே வந்து வளவைக் கூட்டிய பெண்களுக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய பழைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. வரவு செலவுக் கணக்கை எழுதிக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். யாரும் பார்க்கலாம், கேள்வி இருந்தால் கேட்கலாம். மிஞ்சிய பணம் மத்தளத்துக்குப் புதுத் தோல் போடச் செலவாகும்.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு அதே வளவில் பயிற்சி தொடர்கிறது. வயது, ஊர், படிப்பு எதுவும் கேட்க மாட்டோம். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ பழைய கூத்துக் கொப்பிகள் இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னாலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, கொப்பியை அப்போதே உங்கள் கையில் தந்துவிடுவோம்.

அன்புடன்,
கூத்துப் பழகியவர்களுக்காகவும் பழக்கியவர்களுக்காகவும்,
உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியர்