அந்த நாலு பைட் எங்க போச்சு

டேய் மாப்ள,

பாப்பா ஸ்கூல் சேந்துட்டான்னு எழுதிருந்த, ரொம்ப சந்தோஷம்டா, தங்கச்சிய நான் கேட்டதா சொல்லு. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, மாடிப்படி ஏற ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, உன் ஈபிபிஎஃப் புரோக்ராம் (லினக்ஸ் கெர்னலுக்குள்ள, அதாவது ஓஎஸ்ஸோட மையத்துக்குள்ள, ஓடுற சின்ன புரோக்ராம்) பழைய மெஷின்ல லோடு ஆகாத விஷயத்துக்கு வரேன். நீ அனுப்புன லைன், "இன்வேலிட் இன்டைரக்ட் ரீட் ஃப்ரம் ஸ்டாக் ஆர்2 ஆஃப் -16+4 சைஸ் 16", அதுலயே பதில் இருக்கு. ஆர்2ன்னா மேப் (கீ-வேல்யூவா டேட்டா வைக்கிற டேபிள்) லுக்கப்புக்கு நீ குடுக்குற ரெண்டாவது ஆர்க்யுமென்ட், அதாவது கீ. அது ஸ்டாக்ல (ஃபங்ஷனோட தற்காலிக மெமரி) -16ல ஆரம்பிக்குது, 16 பைட் வேணும், ஆனா +4ல இருந்து யாருமே எதுவும் எழுதலன்னு வெரிஃபையர், அதாவது லோடு பண்றப்ப கோட செக் பண்ற கெர்னல் பகுதி, சொல்லுது. கீயா நீ வச்ச ஸ்ட்ரக்ட்ல பிஐடி (புரோசஸ் நம்பர்) 4 பைட், ஐனோட் நம்பர் (ஃபைலோட அடையாள நம்பர்) 8 பைட், கூட்டுனா 12 தான், ஆனா 8 பைட் ஃபீல்டு 8ஆல வகுபடுற எடத்துலதான் உக்காரும், அதனால கம்பைலர் நடுவுல 4 பைட் பேடிங், அதாவது வெத்து எடம், விட்டுருது, நீ ஃபீல்டு ஃபீல்டா எழுதும்போது அது தொடாமயே கெடக்கு. ஐனோட் ஃபீல்ட முதல்ல வச்சாலும் சைஸ் 16 தான், ஓட்டை கடைசிக்கு போயி +12ன்னு திட்டும். பேசாம மெம்செட் போட்டு முழுசையும் ஜீரோ ஆக்கிட்டு அப்புறம் ஃபீல்டுகள நிரப்பு, இல்லன்னா பேட்னு 4 பைட் ஃபீல்டு நீயே வச்சு ஜீரோ எழுது.

புது மெஷின்ல இதே கோடு லோடு ஆகுதுன்னு சொன்னியே, அதான் எனக்கு கவலையா இருக்கு. கெர்னல் 6.3ல இருந்து ரூட்டா லோடு பண்ணா எழுதாத ஸ்டாக்க படிக்க விட்டுடுறாங்க. ஆனா ஹேஷ் மேப் கீயோட 16 பைட்டையும்தான் கம்பேர் பண்ணும், பேடிங்ல குப்பை இருந்தா போட்ட என்ட்ரி திரும்ப கெடைக்காமயே போயிடலாம், எரரும் வராது. பழைய கெர்னல் திட்டுனதே நல்லதுன்னு தோணும் பாரு, அதனால மெம்செட்ட எடுத்துடாத.

அப்புறம் ஸ்ட்ரக்ட் பாயின்டர இன்னொரு ஃபங்ஷனுக்கு குடுக்குறது. அந்த ஃபங்ஷன் ஸ்டேடிக்னா வெரிஃபையர் அத கால் பண்ற எடத்தோட சேத்து செக் பண்ணும், ஸ்டேடிக் எடுத்துட்டா தனியா செக் பண்ணும், அப்ப பாயின்டர் நல்லா இருக்கும்னு அதுக்குத் தெரியாது, ஃபங்ஷனுக்கு உள்ள NULL செக் (பாயின்டர் காலியான்னு பாக்குறது) வேணும். பெரிய ஸ்ட்ரக்ட்னா ஸ்டாக்ல வைக்காத, மொத்தமே 512 பைட் தான், பெர் சிபியு அரே மேப்புக்கு (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி எடம் வைக்கிற மேப்) தள்ளிடு.

இன்னும் அடம்புடிச்சா லாக் லெவல் 2 வச்சு முழு லாக்கயும் அனுப்பு, கடைசி வரிய மட்டும் வெட்டி அனுப்பாத, ஆர்2க்குள்ள என்ன போச்சுன்னு மேல இருந்து பாத்தாதான் புரியும்.