ஆவாரம்பூவும் சில்வர் நைட்ரேட்டும்

மாப்ள,

நல்லாருக்கியாடா. சுகர் ஏறிக் கெடக்கு, அந்த மிஷினுக்கு ஸ்ட்ரிப் வாங்கியே காசு கரையுதுன்னு பொலம்பியிருந்த, பாத்தேன். தங்கச்சி மக கல்யாண வேலைல உடனே பதில் போட முடியல.

நம்ம சின்னவ எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுத்திருக்கா தெரியுமா, நாகமலை ஓரமா மஞ்சமஞ்சேன்னு பூத்துக் கெடக்குமே ஆவாரை, அத வச்சு வெள்ளி நானோ துகள், அதான் கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி வெள்ளி, பண்றா. பூவக் கழுவிக் கொதிக்கவச்சு வடிகட்டி அந்தச் சாற சில்வர் நைட்ரேட் கரைசல்ல ஊத்துறது, லிட்டருக்கு 0.17 கிராம் போட்டாப் போதும், மொதல்ல வெளிர் மஞ்சளா இருந்தது போகப்போக கருப்பட்டிக் காப்பி நெறத்துக்கு வந்துரும். பூவுல இயற்கையா இருக்க பாலிஃபீனால், ஃப்ளேவனாய்டுங்குற சத்தெல்லாம் கரைசல்ல கரைஞ்சு கெடக்குற வெள்ளி அயனிய வெள்ளியா மாத்தி, அப்பறம் அதையே சுத்திப் போத்திக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமயும் பாத்துக்குது. நம்ம போர் தண்ணிய மட்டும் விட்ரக்கூடாது, உப்புத் தண்ணில குளோரைடு இருக்கா, பட்டதும் வெள்ளையாக் கலங்கி அடில படிஞ்சிரும். இவ விரல் பூரா கரும்புள்ளி, அவங்க ஆத்தா மருதாணி வச்சு மறைக்கப் பாக்குறா.

இதுல எங்கடா சுகர்னு கேப்ப. குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம், நெறைய ஸ்ட்ரிப்ல அதான் இருக்கு, அது குளுக்கோஸ்ல வேல செய்றப்ப ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அது வெள்ளித் துகள அரிச்சுரும், பழுப்பு வெளுத்துக்கிட்டே போகும். எவ்ளோ வெளுத்துச்சுன்னு, 420 நானோமீட்டர் பக்கம் அலைநீளம் இருக்க ஒளிய அது எவ்ளோ உறிஞ்சுதுன்னு வச்சு அளந்தா சுகர் எவ்ளோன்னு சொல்லிரலாம். ஆனா பாதரசம் இருந்தாலும் நெறம் போயிரும், அது ஒரு தலவலி.

எனக்கு இதுல பெரிய சந்தேகம் பூவு மேலதான். மழைக்கப்பறம் பறிச்ச பூவும் பங்குனி வெயில்ல காஞ்ச பூவும் ஒண்ணா? சாறு மாறுனா துகள் சைஸ் மாறும், சைஸ் மாறுனா நெறம் மாறும், அப்பறம் எத நம்பி அளவு சொல்றது. வேப்பிலைய வச்சு புனேல 2004லயே செஞ்சு காட்டிட்டாங்க, அதுக்கப்பறம் கண்ட இலையவும் காய்ச்சி வெள்ளி வந்துருச்சுன்னு எழுதிக்கிட்டே இருக்காய்ங்க, அடுத்த பேட்ச்லயும் அதே அளவு வருமான்னு கேட்டா சத்தத்தக் காணோம். பச்சை முறைன்னு பேரு வேற, சில்வர் நைட்ரேட் என்ன மரத்துலயா காய்க்குது. பேட்ச்சுக்குப் பேட்ச் ஒப்பிட்டு எழுது, அது வந்தாத்தான் சுகர் அளக்குற சென்சார்னு மககிட்ட சொல்லிருக்கேன், மொறைக்கிறா.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு உங்கம்மா சொல்லுச்சுன்னு மாத்திரைய விட்டுட்டு ஆவாரம்பூ டீயா குடிக்கிறியாமே, டெஸ்ட் டியூப்ல வெள்ளிய மாத்துறது வேற ஒன் ரத்தம் வேற. டாக்டரப் பாத்துட்டு எனக்கு போனப் போடு.

அன்புடன்,
ஒன் பங்காளி