சனிக்கிழமை வாறவைக்கு: மழையும் ஸ்நோவும்

வணக்கம். லீட்சில இருந்து மான்செஸ்டர் வாறவை கட்டாயம் வாசியுங்கோ.

அட்லாண்டிக் பக்கமிருந்து ஈரக்காத்து வருது. இஞ்ச ஏற்கெனவே வடக்குக் குளிர் குந்தியிருக்கு. ரெண்டும் முட்டினால் ஊருக்குள்ள மழை, வழியில இருக்கிற பெனைன் மலையில ஸ்நோ. எம்62 அங்க 372 மீற்றர் உயரத்தில போகுது. இங்கிலாந்தில அதைவிட உயரமான மோட்டர்வே இல்லை. வாசலில தூறல்தானே எண்டு நம்பி வெளிக்கிடாதேங்கோ. 2021 நவம்பரில, ஆர்வென் புயலுக்க யோர்க்‌ஷயர் மலையில இருக்கிற டான் ஹில் பப்புக்குப் போன சனம் ஸ்நோவில மாட்டி மூண்டு இரவு அங்கயே படுத்தது.

விடிய மெட் ஒஃபிஸின்ரை (வானிலை நிலையம்) அறிவித்தலைப் பாருங்கோ. மஞ்சள் எச்சரிக்கை எண்டால் மெதுவா வாங்கோ. அதைவிடக் கடுமையான ஆம்பர் எண்டால் அடுத்த கிழமைக்குத் தள்ளுவம்.

கார்க் கண்ணாடி ஐஸுக்குக் கொதிதண்ணி ஊத்தவேண்டாம். போன வருசம் என்ரை கண்ணாடி அப்பிடித்தான் வெடிச்சது. டாங்க் நிறையப் பெற்றோல், உள்ளுக்க ஒரு போர்வை. வராதவை வெள்ளி இரவுக்குள்ள சொல்லுங்கோ, சமையல் கணக்குக்கு.