உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை ஆரம்பித்துவிட்டால் எந்தப் படிப்புக்கு மவுசு, எங்கே கட் ஆஃப் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகச் செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உதவித்தொகையைப் பற்றி மட்டும் அறிவிப்பு வந்த அன்றைக்கு ஒரு செய்தி, விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று ஒரு செய்தி, அத்தோடு சரி. அதற்கு அப்புறம் அந்தப் பணம் பிள்ளையின் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஆள் இல்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் பல வருடம் ஸ்காலர்ஷிப் ஃபைல் பார்த்தவள். இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறார் என்று போனஃபைடு சான்றிதழ் எழுதிக் கொடுப்பது, வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் சரிபார்ப்பது, இணையதளத்தில் ஒவ்வொரு விண்ணப்பமாக ஒப்புதல் கொடுத்து மேலே அனுப்புவது, இதுதான் என் வேலை. அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் திட்டங்களுக்குக் குறைவே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. "ஆயிரம் ரூபாய்தானே" என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் ஒரு நாள் கல்லூரி வாசலில் வந்து நிற்க வேண்டும். ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, செல்போன் ரீசார்ஜ், மாதவிடாய் நாப்கின் என்று வீட்டில் கேட்கக் கூச்சப்படும் செலவுகளுக்கு ஒரு பெண் அப்பாவிடமோ அண்ணனிடமோ கை நீட்ட வேண்டாம் என்பது சின்ன விஷயமா? அதிலும் எனக்குப் பிடித்தது அது மாதாமாதம் வருகிறது என்பதுதான். இந்த மாதம் வந்தது, அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால் பிள்ளை அதை நம்பி ஒரு கணக்குப் போட முடிகிறது.

படிப்புக் கட்டணத்துக்கான உதவித்தொகையில்தான் அந்த நம்பிக்கை கிடையாது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-லிருந்தே இருக்கிறது, சுதந்திரத்தைவிட வயது அதிகம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி அதில் 60 சதவீதம் மத்திய அரசும் 40 சதவீதம் மாநில அரசும் தர வேண்டும். மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகு மத்திய அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது, பிள்ளையின் பணம் பிள்ளையின் பெயரிலேயே வருகிறது, இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கல்லூரி கட்டணம் கேட்பது செமஸ்டர் தொடங்கும்போது. பணம் வருவது பல சமயம் அந்த வருடமே முடியப்போகும்போது, அதுவும் இரண்டு தடவையாக. இந்த இடைவெளி யார் தலையில் விழுகிறது?

பட்டியல் இன, பழங்குடியின மாணவர்களிடம் சுயநிதிக் கல்லூரிகள் படிப்புக்குக் கட்டாயமாகக் கட்ட வேண்டிய கட்டணத்தை வாங்கக்கூடாது, அதை அரசே ஏற்கும் என்று 2012-லேயே தமிழக அரசு 92-ஆம் எண் அரசாணை போட்டிருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் அந்த அரசாணையின் நகல் ஃபைலில்தான் இருந்தது, ஜன்னலில் "ஃபீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட்" என்றுதான் சொல்லச் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

பி.எஸ்சி. இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி. "மேடம், சைட்ல பணம் போட்டாச்சுனு காட்டுது, ஆனா என் அக்கவுண்ட்ல வரலை" என்று பாஸ்புக்கை நீட்டினாள். கடைசிப் பக்கம் வரை என்ட்ரி போட்டு வைத்திருந்தாள், மிச்சம் 212 ரூபாய். வங்கிக்கு மூன்று தடவை போயிருக்கிறாள், "ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா, வெயிட் பண்ணு" என்றே அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் ஆதார் இணையதளத்தில் பார்த்தால் அவள் ஆதார் இணைந்திருந்தது வேறொரு வங்கியில். ஆறாம் வகுப்பில் பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் மொத்தமாகத் தொடங்கிக் கொடுத்த கணக்கு அது. பணம் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. பல வருடம் தொடாததால் கணக்கு முடங்கிவிட்டது, எடுக்க வேண்டுமென்றால் சொந்த ஊர்க் கிளைக்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பெயரில் பணம் இருக்கிறது, அவள் அம்மாவோ காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துப் பரீட்சைக்கு முதல் நாள் ஃபீஸ் கட்டினார். வெறும் காதோடு ஜன்னலில் வந்து நின்று, "ரசீதுல பேரு சரியா இருக்கா பாருங்க மேடம்" என்று அந்த அம்மா கேட்டது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கு ஆதாரோடு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பது வேறு. பிள்ளைக்கு நாலு கணக்கு இருந்தாலும் கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதார் இணையதளத்தில் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லிக் கொடுக்க ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்க்கை நாளன்றே ஒரு மேசை போட்டால் என்ன?

புதுப்பித்தலும் அப்படித்தான். பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் வாங்கிய, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசு இளநிலைப் படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய் தருகிறது, நாடு முழுக்க ஒவ்வொரு வருடமும் புதிதாக 82,000 பேருக்கு. ஆனால் வருடா வருடம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். முதல் வருடம் வாங்கிவிட்டு, இனி தானாக வரும் என்று இருந்து விட்டுவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு குறுஞ்செய்தி தமிழில் போயிருந்தால் போதும்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. தொகையை உயர்த்தினால் சந்தோஷம், அது அப்புறம். முதலில் தேதியைச் சொல்லுங்கள். இந்தத் தவணை இந்தத் தேதிக்குள் வரும் என்று கல்வியாண்டு தொடங்கும்போதே எழுத்தில் கொடுங்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால் பணம் வரும்வரை எந்தக் கல்லூரியும் ஹால் டிக்கெட்டையோ டிசியையோ நிறுத்தி வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள், ஃபைலுக்குள் வைக்காமல்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிளஸ் 2 ரிசல்ட்டை மாவட்டவாரியாகப் போடுகிறீர்கள். அதேபோல உதவித்தொகை எந்த மாவட்டத்தில் எந்தத் தேதியில் பிள்ளைகளின் கணக்கில் ஏறியது, எத்தனை பேருக்கு இன்னும் பாக்கி என்று கேட்டு வாங்கி, வருடம் ஒரு முறையாவது போடுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகி